‘ஜாலியான’ என்று தட்டினால்: ஓர் இணைச்சொல் செயலியோடு 4 மாதம்

நான் மெய்ப்புப் பார்க்கிறவள். புத்தகம், ஆண்டறிக்கை, அழைப்பிதழ், கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் உள்சுற்று இதழ் என்று எது வந்தாலும் பார்ப்பேன். 19 வருஷமாக இதே பிழைப்பு. விட்டுப்போன ஒற்றும் தலைமாறிப்போன ரகர றகரமும் எனக்குப் பெரிய விஷயமில்லை, கண் தானாகப் பிடித்துவிடும். என்னைப் படுத்துவது வேறொன்று. எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல் பிடித்துப்போனால் பத்திக்குப் பத்தி அதையே போட்டுக்கொண்டு போவார்கள். ஒருவர் ‘அற்புதமான’ என்பார், முடிவுவரை அற்புதம்தான். அதை மாற்றி மாற்றிப் போட எனக்கு வேறு சொல் வேண்டும், ராத்திரி 11 மணிக்கு மூளையில் ஒன்றும் உதிக்காது.

அதற்காகத்தான் இந்தச் செயலியைப் போனில் இறக்கினேன். ஒரு சொல்லைத் தட்டினால் அதே பொருள் தரும் மற்ற சொற்களைக் கொட்டும் என்று கேள்விப்பட்டேன். கொட்டத்தான் செய்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறையில் பாதி என் பங்கு. அதுவுமில்லாமல் இந்த வகைச் செயலிகளை இன்னும் இரண்டு மூன்று பார்த்துவிட்டேன், எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. உங்கள் போனில் இருப்பதற்கும் இது பொருந்தலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். வேகம். இணையம் இல்லாத இடத்திலும் திறக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், என் வயதுக்கு அது பெரிய உதவி. துணைக்காலை விட்டுவிட்டு ‘ஜாலியன’ என்று தட்டினாலும் புரிந்துகொண்டு ‘ஜாலியான’ பக்கத்துக்குக் கூட்டிப்போகிறது. சொல்லை விரலால் அழுத்திப் பிடித்தால் நகலாகிவிடும், அங்கிருந்து கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதிதான் என்னை மாட்டிவிட்டது.

வாடிக்கையாக எனக்கு வரும் ஓர் உள்சுற்று இதழில் ஊழியர்கள் சுற்றுலா போய்வந்த கட்டுரை. எழுதியவர் புதிதாகச் சேர்ந்த பையன் போலிருக்கிறது, எழுத்தில் உற்சாகம் வழிந்தது. ஒன்றரைப் பக்கத்தில் ‘ஜாலி’ 7 முறை. பஸ்ஸில் ஜாலியாகப் பாட்டுப் பாடினார்கள். அருவியில் ஜாலியாகக் குளித்தார்கள். மேலாளர் இவ்வளவு ஜாலியான மனிதர் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். ராத்திரி அவரும் கணக்குப் பிரிவினரும் மொட்டைமாடியில் ஜாலியாக இருந்தார்களாம். படிக்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதவளப் பிரிவிலிருந்து பக்கத்து ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘ஜாலியைக் குறைத்து நல்ல தமிழில் மாற்றவும்.’

சரி என்று செயலியைத் திறந்து ‘ஜாலியான’ என்று தட்டினேன். 26 சொற்கள் வந்து நின்றன. உல்லாசமான, குதூகலமான, களிப்பான, கேளிக்கையான, இன்பமான என்று ஆரம்பித்து ‘கும்மாளமான’ வரை. எல்லாம் ஒரே எழுத்தளவு, ஒரே நிறம், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. எதை எங்கே போட்டாலும் சரிதான் என்பதுபோல ஒரு வரிசை. காலையில் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். நான் பட்டியலில் கைக்கு வந்ததை எடுத்து ஒட்டிக்கொண்டே வந்தேன். கடைசி ஜாலிக்குப் பட்டியலின் முதல் சொல் போனது.

மறுநாள் பத்து மணிக்கு மனிதவளப் பிரிவு சார் கூப்பிட்டார்.

“மேடம், நாலாம் பக்கம் கடைசிப் பத்தியை ஒருதரம் படிங்களேன்.”

“படிச்சுட்டுத்தானே சார் அனுப்பினேன். பிழை எதுவும் இல்லையே.”

“பிழை இல்லை மேடம். அதுதான் பிரச்சினையே. கணக்குப் பிரிவுலேர்ந்து மூணு பேர் வந்து என் முன்னாடி நிக்கறாங்க.”

கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘ராத்திரி மேலாளரும் கணக்குப் பிரிவினரும் மொட்டைமாடியில் உல்லாசமாக இருந்தனர்.’ அச்சு ஓடவில்லை, சரிபார்க்க அனுப்பிய பிரதிதான் நாலைந்து பேர் கைக்குப் போயிருந்தது. அந்தமட்டில் தப்பித்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார் என்பது போனிலேயே தெரிந்தது. எனக்குத்தான் சிரிப்பு வர இரண்டு நாள் ஆனது.

உல்லாசம் என்ற சொல்லுக்கு அகராதியில் மனமகிழ்ச்சி, களிப்பு என்று கௌரவமான பொருள்தான் இருக்கும். ‘உல்லாசப் பயணம்’ என்று சொல்லலாம், ‘உல்லாசக் கப்பல்’ என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் ‘உல்லாசமாக’ என்று ஆகி, பின்னால் ‘இருந்தனர்’ வந்துவிட்டால் போச்சு. நம் தினசரிகளின் குற்றச் செய்திகள் அந்தத் தொடரை ஒரே ஒரு காரியத்துக்கு இடக்கரடக்கலாகப் போட்டுப் போட்டு, அதற்கு வேறு பொருளே இல்லாமல் செய்துவிட்டன. பெயருக்கு முன்னால் வந்தால் சுற்றுலாத் துறை, ‘இரு’வுக்கு முன்னால் வந்தால் காவல் துறை. தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி 11 மணிக்குப் பட்டியலின் முதல் இடத்தில் ஒரு சொல் நின்றால் அதுதான் சிறந்தது என்று கை நம்பிவிடுகிறது. இதைத்தான் பாதிப் பழி என் மேல் என்றேன். மீதிப் பாதி, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எச்சரிக்கைக் குறிகூடப் போடாதவர்களுக்கு.

அந்தக் கோபத்தில் அந்த 26 சொற்களையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன்.

குதூகலம். வடமொழியில் குதூஹலம் என்றால் ஆவல், ஒன்றைத் தெரிந்துகொள்ளத் துடிப்பது. தமிழுக்கு வந்த பிறகு அது துள்ளிக் குதிக்கும் சந்தோஷமாகிவிட்டது. முன்னால் ஒரு ‘குதி’ கேட்பதாலோ என்னவோ, அது என் ஊகம். இன்றைய வழக்கில் இது குழந்தைகளின் சொல். பள்ளி விடுமுறை, மழை, பூங்காவில் புது ஊஞ்சல் என்றால் ‘சிறுவர்கள் குதூகலம்’ என்று தலைப்புப் போடுவார்கள். ஐம்பது வயது ஆடிட்டர் ஒருவர் குதூகலமாக அருவியில் குளித்தார் என்று எழுதினால் அவரைக் கிண்டல் செய்கிறோம் என்று பொருள். நான் அதைத்தான் எழுதியிருந்தேன். நல்லவேளை, உல்லாசத்தின் அமளியில் இதை யாரும் கவனிக்கவில்லை.

களிப்பு கேட்க அழகாக இருக்கும், ஆனால் பேச்சில் யாரும் சொல்வதில்லை. ‘நேத்து ரொம்பக் களிப்பா இருந்துச்சு’ என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்ப்போம். அதோடு அந்தச் சொல்லில் ஒரு போதையும் உண்டு. குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ‘களித்தான்’ என்றால் சந்தோஷப்பட்டவன் இல்லை, குடித்துவிட்டு நிற்கிறவன். மொட்டைமாடி வாக்கியத்தில் உல்லாசத்துக்குப் பதில் களிப்பைப் போட்டிருந்தாலும் கணக்குப் பிரிவுக்கு முழு விடுதலை கிடைத்திருக்காது.

கேளிக்கை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கேளிக்கை வரி. டிக்கெட் மேல் போடும் வரிக்கு அரசாங்கம் வைத்த பெயர் அந்தச் சொல்லிலிருந்து சிரிப்பையெல்லாம் உறிஞ்சிவிட்டது. ‘அது ஒரு கேளிக்கையான நாள்’ என்று பட்டியலில் எடுத்துக்காட்டு கொடுத்திருக்கிறார்கள். இதை எந்தத் தமிழர் எந்த நாளில் சொன்னார் என்று தெரிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அட்டகாசமும் அமர்க்களமும் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. அட்டகாசம் வடமொழியில் உரத்த சிரிப்பு. இன்று ‘படம் அட்டகாசம்’ என்றால் பாராட்டு, ‘காட்டு யானை அட்டகாசம்’ என்றால் பயிர் போச்சு. ஒரே நாள் பத்திரிகையில் சினிமாப் பக்கத்திலும் மாவட்டப் பக்கத்திலும் இதே சொல்லைப் பார்க்கலாம், குழப்பமே வராது. அமர்க்களம் இன்னும் விசேஷம். அமர் என்றால் போர், அமர்க்களம் என்றால் போர்க்களம். வாளும் வேலும் போன இடத்துக்கு இப்போது கல்யாண வீடும் மேளச் சத்தமும் வந்திருக்கின்றன. ஆனால் இரண்டுமே சத்தமான சொற்கள், கூட்டம் வேண்டும், ஆரவாரம் வேண்டும். ஒருத்தி ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு மழை பார்த்தால் அது ஜாலி. அமர்க்களம் ஆகாது.

கலகலப்பான. 26-இல் நான் மார்க் போடுவதானால் இதற்குத்தான் முதல் மார்க். வளையல் சத்தத்திலிருந்தும் சிரிப்புச் சத்தத்திலிருந்தும் பிறந்த சொல், அதனால் வாயில் வைத்ததுமே சிரிக்கிறது. வீடு கலகலப்பாக இருக்கலாம், வகுப்பு இருக்கலாம், ஆளும் இருக்கலாம். ‘மேலாளர் இவ்வளவு கலகலப்பான மனிதர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது’: கட்டுரையில் இது ஒன்றுதான் மூலத்தைவிட நன்றாக விழுந்தது, மேலாளரும் சந்தோஷப்பட்டாராம். ஒரே நிபந்தனை, தனி ஆளாக யாரும் கலகலப்பாக இருக்க முடியாது. பக்கத்தில் கேட்க ஒருவராவது வேண்டும்.

செயலி அதைப் பட்டியலில் 17-ஆவது இடத்தில் வைத்திருக்கிறது. எந்தக் கணக்கில் வரிசைப்படுத்துகிறார்கள் என்று புரியவில்லை. அகரவரிசையும் இல்லை, வழக்கில் அதிகம் உள்ளது முதலில் என்பதும் இல்லை.

‘கும்மாளமான’ பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கும்மாளம் அருமையான சொல். ஆனால் அது போடுவது, அடிப்பது. ‘என்னடா அங்க கும்மாளம்’ என்று பக்கத்து அறையிலிருந்து அதட்டுவது. கும்மாளம் போடுகிறவன் அதைக் கும்மாளம் என்று சொல்ல மாட்டான், தூக்கம் கெட்டவர்தான் சொல்வார். அதன் வாலில் ‘ஆன’ ஒட்டி ‘கும்மாளமான பயணம்’ என்று நான் எங்கும் கேட்டதில்லை. எந்தப் பெயர்ச்சொல்லைப் பிடித்தாலும் பின்னால் ‘ஆன’ போட்டுப் பெயரடை ஆக்கிவிடும் இயந்திரம் ஒன்று உள்ளே ஓடுகிறது என்று நினைக்கிறேன். தமிழில் இது நடக்கும்தான். ஜாலி என்ற இங்கிலீஷ் சொல்லும், குஷி என்ற பாரசீகச் சொல்லும், தமாஷும் இப்படி வாலில் ஓர் ‘ஆன’ சேர்த்துக்கொண்டுதான் நம்மோடு உட்கார்ந்தன. ஆனால் எல்லாப் பெயரும் இந்த வாலை ஏற்காது என்பது பேசுகிறவருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

வேடிக்கையான என்ற சொல்லில் வேறொரு வழுக்கல் இருக்கிறது. ‘வேடிக்கையான மனிதர்’ என்றால் சிரிக்க வைப்பவர் என்றும் கொள்ளலாம், கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள் என்றும் கொள்ளலாம். ‘வேடிக்கை பார்த்தான்’ என்றால் கைகட்டி நின்றான் என்று குற்றச்சாட்டு. கொண்டாட்டமும் அப்படித்தான். ‘மேனேஜர் லீவாம், உங்களுக்குக் கொண்டாட்டம்தான்’ என்பதில் கொஞ்சம் பொறாமையும் கொஞ்சம் இடிப்பும் இருக்கிறது. பூனைக்குக் கொண்டாட்டம் எலிக்குத் திண்டாட்டம் என்ற பழமொழியும் யாரோ ஒருவர் செலவில்தான் இது நடக்கிறது என்கிறது. செயலியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இந்த வாசனை எதுவும் இல்லை. 26 சொல்லுக்கும் ‘அது ஒரு ___ நாள்’ என்று ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு, கோட்டில் மட்டும் சொல்லை மாற்றியிருக்கிறார்கள். ‘அது ஒரு கும்மாளமான நாள்.’ போதும்.

ஓய்வு சம்பந்தப்பட்ட சொற்களில் இந்தச் செயலி எனக்கு ஒரு நன்மையும் செய்திருக்கிறது, மறைக்கக் கூடாது. ‘ஓய்வான’ என்று தட்டியபோது ‘சாவகாசமான’ வந்தது. மறந்தே போயிருந்தேன். என் அம்மா தினமும் சொன்ன சொல். ‘சாவகாசமா வா, ஒண்ணும் அவசரமில்லை’ என்பாள். அவகாசத்தோடு கூடியது என்று அர்த்தம். ஓய்வு என்றால் களைத்துப்போன ஆள் நினைவுக்கு வருகிறார், பணி ஓய்வு பெற்றவர் நினைவுக்கு வருகிறார். சாவகாசத்தில் களைப்பு இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாரமே ஒரு பயணக் கட்டுரையில் ‘ஓய்வான நடை’ என்று இருந்ததைச் ‘சாவகாசமான நடை’ என்று மாற்றினேன், வாக்கியமே மூச்சு விட்டது.

ஆனால் அதே பக்கத்தில் ‘ஆற அமர’ இல்லை. ‘அக்கடா’ இல்லை. ‘ஹாயான’ இருக்கிறது, சந்தோஷம். ‘சும்மா’ இல்லை! தமிழில் ஓய்வைப் பற்றிய பேச்சில் பாதி அந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. ‘எங்க போனீங்க?’ ‘சும்மா ஒரு சுத்து.’ இதில் சும்மா என்பது நோக்கமில்லை, செலவில்லை, கேட்காதே என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. இவை பெயரடை இல்லை என்பதால் விட்டிருப்பார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, ஆனால் இணைச்சொல் தேடுகிறவள் இலக்கணப் பரீட்சை எழுத வரவில்லை. ‘ஓய்வாக உட்கார்ந்து பேசலாம்’ என்பதற்கு நல்ல மாற்று ‘ஆற அமரப் பேசலாம்’. அதைக் காட்டாத பட்டியல் எனக்கு எதற்கு? ‘அக்கடா என்று உட்கார்ந்தான்’ என்பதை வேறெப்படியும் சொல்ல முடியாது, முதுகு நாற்காலியில் சாயும் சத்தம்வரை அதில் இருக்கிறது.

‘விளையாட்டாக’ என்று தட்டினால் ‘தமாஷாக’, ‘கேலியாக’ என்று இரண்டு மட்டும் வருகின்றன. ‘விளையாட்டாகச் சொன்னேன், கோவிச்சுக்காதே’ என்பதற்கு அது சரி. ‘விளையாட்டாகப் பத்து வருஷம் ஓடிவிட்டது’ என்கிறோமே, அங்கே? நினைத்துப் பார்ப்பதற்குள் போய்விட்டது என்ற அர்த்தம். அங்கே தமாஷாகவைப் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

‘பழந்தமிழில்’ என்று தனிப் பெட்டி ஒன்று உண்டு, அதைத் திறப்பது எனக்குப் பிடிக்கும். விளையாட்டு என்பதற்கு அங்கே ‘கெடவரல்’, ‘பண்ணை’ என்று கொடுத்திருக்கிறார்கள். தப்பில்லை. தொல்காப்பிய உரியியலில் இந்த இரண்டு சொல்லுக்கும் விளையாட்டு என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறது. ஆனால் அது தொல்காப்பியம் என்றோ, இன்று அந்தப் பொருளில் யாரும் வழங்குவதில்லை என்றோ ஒரு வார்த்தை போடவில்லை. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ‘மாலையில் பண்ணைக்குப் போனோம்’ என்று எழுதினால் வாத்தியார் மாடு வாங்கப் போனான் என்றுதான் நினைப்பார். (வார இறுதியில் பண்ணை வீட்டுக்குப் போய் ஆட்டம் போடுகிறவர்கள் மட்டும் தொல்காப்பிய வழக்கைத் தெரியாமலே காப்பாற்றி வருகிறார்கள்.) அதே நூலின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செயலி ‘உவகையான’ என்பதையும் ஜாலியின் 26-இல் சேர்த்திருக்கிறது. இந்த நாலில் மூன்றாவதை நினைத்தால், முதலிடத்தை உல்லாசத்துக்குக் கொடுத்ததில் ஏதோ ஒரு பழந்தமிழ் நியாயம் இருந்திருக்கும் போல.

இலங்கை வழக்கு ஒன்றுகூட இல்லாதது எனக்குப் பெரிய குறை. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சுற்றுலா போய்வந்தால் ‘நல்ல பம்பலா இருந்தது’ என்பாள். ஜாலியின் எல்லா மூலைக்கும் அப்படியே பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் நான் அறிந்தவரை பம்பல்தான். அவள் பகிடி விடுவாள், நாங்கள் ஜோக் அடிப்போம். இவ்வளவு நெருக்கமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நல்ல தமிழில் மாற்றவும்’ என்று குறிப்பு வந்தால் நாம் உல்லாசத்திடம் ஓடுகிறோம்.

பட்டியல் போடுவது நமக்குப் புதிதில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் ஒரு பொருளுக்குப் பல பெயரைச் செய்யுளாகவே கட்டி வைத்திருந்தன, பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்து அகரவரிசையில் தேடும் வழக்கத்துக்கு வழி போட்டார். நிகண்டும் எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம் என்று சொல்லவில்லையே என்று கேட்கலாம். அதற்குத் தேவை வேறு. பாட்டுக் கட்டுகிறவருக்கு மோனைக்கு ஒரு சொல், எதுகைக்கு ஒரு சொல், தளை தட்டாமல் ஈரசையில் ஒரு சொல் வேண்டும். அவருக்குப் பட்டியல் போதும், மீதியை அவர் காது பார்த்துக்கொள்ளும். கம்பெனி இதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு மோனை வேண்டாம், கணக்குப் பிரிவு வந்து நிற்காமல் இருந்தால் போதும்.

எந்தச் சொல்லை எங்கே சொல்லலாம் என்று காட்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் வந்தது, 2008-லும் 2020-லும் விரித்துத் திருத்தினார்கள். என் மேஜையில் இருப்பது இரண்டாம் பதிப்பு, முதுகு பிய்ந்து ஒட்டுப் போட்டது. அதில் சொல்லுக்குப் பக்கத்தில் பேச்சு வழக்கு, உயர் வழக்கு, இலங்கை வழக்கு என்று சுருக்கக் குறி இருக்கும், எடுத்துக்காட்டு வாக்கியம் நிஜமாக யாரோ பேசியதுபோல இருக்கும். இணைச்சொல் அகராதி அல்ல அது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கேட்டால் தராது. ஆனால் செயலி தந்த சொல்லை அங்கே கொண்டுபோய் ஒருமுறை உரசிப் பார்த்தால் பொன்னா பித்தளையா என்று தெரிந்துவிடும். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். போன் இடது கை, அகராதி வலது கை.

ஜாலியையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ்காரர்களிடம் அது இப்போது கொஞ்சம் பழைய வாசம் அடிக்கும் சொல். நம்மிடம் வந்து இளமையாகிவிட்டது. ‘ஜாலியான ஆள்’ என்றால் சிரிக்கப் பேசுகிறவர், கலகலப்பானவர். ‘ஜாலியான வேலை’ என்றால் வேலையில் சிரிப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை, கஷ்டமில்லை என்று அர்த்தம். ‘ஜாலியான படம்’ என்றால் மூளையை வெளியே வைத்துவிட்டுப் பார்க்கலாம். ‘ஜாலியா எடுத்துக்கோ’ என்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. ‘சும்மா ஜாலிக்கு’ என்றால் காரணம் கேட்காதே. ‘உனக்கென்னப்பா, ஜாலி’ என்றால் எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று பெருமூச்சு. ஆறிலும் சிரிப்பைவிடப் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: தலையில் சுமை இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மகிழ்ச்சி அதற்குப் பிறகு வருவது. செயலி மகிழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு 26 சொல் தேடியிருக்கிறது, சுமையில்லாததை விட்டுவிட்டது. அதனால்தான் ‘ஜாலியான வேலை’க்கு அந்த 26-இல் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ‘களிப்பான வேலை’, ‘குதூகலமான வேலை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘நோகாத வேலை’ என்று சொன்னால் பாதி பொருந்துகிறது, அதிலும் கொஞ்சம் குத்தல் வந்துவிடுகிறது.

செயலியில் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. உல்லாசத்துக்கு எச்சரிக்கைக் குறி போடுங்கள், பம்பலைச் சேருங்கள், கும்மாளமானவை எடுங்கள் என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன். ‘பரிசீலிக்கிறோம்’ என்று உடனே பதில் வந்தது, எல்லாருக்கும் அதே பதில்தான் போகும் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் கழித்துப் புதுப்பித்தபோது கும்மாளமானவைக் காணோம். உல்லாசமான அதே முதலிடத்தில் இருந்தது.

யாருக்கு இது உதவும்? மறந்த சொல்லை ஞாபகப்படுத்த ஆள் தேடுகிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சாவகாசத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காகவே நான் அதை அழிக்கவில்லை. தமிழ் புதிதாகக் கற்கிறவர்கள், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். ராத்திரி 11 மணிக்கு மேல் யாருமே தொட வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களை மனிதர்களை வைத்து எழுதினால் நாலாவதைக் கொடுத்துவிடுவேன்.

நேற்று அதே கம்பெனியிலிருந்து அடுத்த இதழ் வந்திருக்கிறது. அதே பையன், இந்த முறை குடும்பத்தோடு விளையாட்டு நாள். எண்ணிப் பார்த்தேன், 11 ஜாலி. ஓரத்தில் மனிதவளப் பிரிவு சாரின் குறிப்பு: ‘மேடம், ஜாலி இருந்துட்டுப் போகட்டும்.’ நாலை மட்டும் மாற்றியிருக்கிறேன். இரண்டு இடத்தில் கலகலப்பு, ஓர் இடத்தில் சாவகாசம். கயிறு இழுக்கும் போட்டியில் கணக்குப் பிரிவு ஜெயித்த இடத்தில் அமர்க்களம்.